மண்ணே கவசம்: காவிரி டெல்டாவில் போர்க்கால விமானதளப் பதுங்குமிடங்களை அடையாளம் காண்பதும் காப்பதும்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையை ஒட்டிய விமானப்படைத் தளத்தை இன்றைய தலைமுறை சுகோய் விமானங்களோடு சேர்த்துத்தான் அறியும். 2013 மே 27 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி அதைத் திறந்துவைத்தார். 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 விமானங்களோடு 222-ஆவது படையணி அங்கே நிலைகொண்டது. ஆனால் அந்த மேட்டு நிலத்தில் விமானம் இறங்கத் தொடங்கியது 1940-களில், இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் ஓடுதளம் அமைத்த காலத்தில். உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, சோழவரம் ஆகிய ஊர்களின் பழைய ஓடுதளங்களும் அதே போர் அவசரத்தில் பிறந்தவை.

ஓடுதளம் ஊராருக்குத் தெரியும். நெல் காயவைக்கவும் வண்டி ஓட்டிப் பழகவும் பயன்பட்ட இடம் அது. போர்க்கால விமானதளத்தைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிறு கட்டுமானங்கள்தான் யார் கணக்கிலும் வருவதில்லை. சீமைக் கருவேலம் மண்டிய ஒரு நீள மேடு, வாசலுக்கு நேர் எதிரே காரணமே இல்லாமல் நிற்கும் ஒரு தடித்த சுவர், மறுகோடியில் மண்ணுக்குள் இறங்கும் கம்பிப் படிகள்: இவை சேர்ந்து தென்பட்டால் அது பெரும்பாலும் விமானத் தாக்குதலின்போது ஆட்கள் ஒதுங்குவதற்கான பதுங்குமிடம்.

இந்த வகைக் கட்டடத்தில் செங்கல்லும் கான்கிரீட்டும் பாதி வேலையைத்தான் செய்கின்றன. மீதிப் பாதியைச் செய்வது மேலே போட்ட மண். அந்த மண்ணைக் குப்பைமேடு என்று நினைத்து வெட்டி எடுப்பதுதான் இவற்றுக்கு நேரும் பெருங்கேடு. டெல்டாவில் இது ஏன் இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பதற்கு நிலத்தடி நீர் காரணம். அதைக் கீழே கணக்குப் போட்டே பார்க்கலாம்.

டெல்டா ஏன் பயந்தது

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன், மார்ச் 23 அன்று போர்ட் பிளேர். போர்ட் பிளேருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 1,400 கி.மீ. கடல் மட்டுமே. ஏப்ரல் 5 அன்று விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9-ஆம் தேதி திருகோணமலை. அங்கிருந்து கோடியக்கரை சுமார் 240 கி.மீ.தான். அந்த மாதமே சென்னையிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பல் ஓடிய காலம் அது. மலேயாவில் உறவு இல்லாத குடும்பம் டெல்டாக் கரையில் குறைவு. பினாங்கில் குண்டு விழுந்த செய்தி இங்கே வெளிநாட்டுச் செய்தியாக வரவில்லை, வீட்டுச் செய்தியாக வந்தது.

அந்தக் கப்பற்படை ஏப்ரலோடு திரும்பிப் போய்விட்டது. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் சென்னையில் குண்டு போட்டதற்கு மேல் தமிழகக் கரையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் அது பின்னால் தெரிந்த விஷயம். 1942-இல் தளம் அமைத்த பொறியாளர்கள் அடுத்த மாதமே தாக்குதல் வரும் என்ற கணக்கில்தான் வரைபடம் போட்டார்கள். வசதிப்பட்ட பொருளை வைத்து, கிடைத்த ஆட்களைக் கொண்டு, கட்டு முறையைச் சுருக்கிக் கட்டினார்கள். இன்று சுவரில் காணும் குறைகள் பலவற்றுக்கு இந்த அவசரமே வேர்.

எதற்கு எதிராகக் கட்டினார்கள்

நேராக மேலே விழும் குண்டைத் தாங்க இவை கட்டப்படவில்லை. அதற்குப் பல அடி தடிமனுள்ள கம்பி கான்கிரீட் வேண்டும். விமானதளத்தில் ஆங்காங்கே நூறு இடங்களில் அப்படிக் கட்ட முடியாது. அன்றைய பிரிட்டிஷ் அளவுகோல் இதுதான்: 500 பவுண்டு குண்டு 50 அடி தொலைவில் வெடித்தால் உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும். அந்தத் தொலைவில் ஆளைக் கொல்பவை இரண்டு. ஒன்று, குண்டின் இரும்பு ஓடு கிழிந்து பறக்கும் சில்லுகள். மற்றொன்று, வெடியதிர்வில் தள்ளிவரும் காற்றழுத்தம்.

சில்லுகளைத் தடுக்க எந்தப் பொருள் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று அக்காலக் கையேடுகள் தெளிவாகச் சொல்லின. மென் எஃகு என்றால் ஒன்றரை அங்குலம் போதும். கம்பி கான்கிரீட் 12 அங்குலம், செங்கல் சுவர் பதிமூன்றரை அங்குலம், கம்பி இல்லாத கான்கிரீட் 15 அங்குலம், உடைகல் நிரப்பு இரண்டடி, மண்ணோ மணலோ இரண்டரை அடி. இந்த வரிசையில் கடைசியில் நிற்கும் மண்தான் டெல்டாவில் மலிவானது. எஃகும் சிமெண்டும் போருக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் அது தடையின்றிக் கிடைத்தது. ஆகவே பழைய சுவர் ஒன்றின் தடிமன் வாசல் ஓரத்தில் பதிமூன்றரை அங்குலம், அதாவது சுமார் 34 செ.மீ. என்று வந்தால், அது குறிப்பான தடயம். கொத்தனார்கள் ஒன்றரைக்கல் சுவர் என்பது இதைத்தான். சாதாரணக் காவலர் அறைக்கோ கிடங்குக்கோ அவ்வளவு தடிமன் தேவையில்லை.

காற்றழுத்தம் வேறு வகையான எதிரி. அது வெடித்த கணத்தில் சுவரைத் தள்ளும். அடுத்த கணத்தில் அழுத்தம் குறைந்து சுவரை வெளியே இழுக்கும். தரைமேல் கட்டிய செங்கல் பதுங்குமிடங்கள் பிரிட்டனில் இந்த இழுப்பில்தான் சரிந்தன. சுவர் வெளியே சாய, அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்த கான்கிரீட் சிலாப் அப்படியே கீழே இறங்கி உள்ளே இருந்தவர்களை நசுக்கியது. 1940-இல் சிமெண்டை மிச்சப்படுத்தச் சொல்லி வந்த சுற்றறிக்கையைத் தவறாகப் புரிந்துகொண்டு, சிமெண்டே சேர்க்காமல் சுண்ணாம்பும் மணலும் மட்டும் கலந்து பல இடங்களில் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்கும் சிலாப்புக்கும் இடையே பிணைப்புக் கம்பியும் இல்லை. பின்னர் அவற்றை இடித்தோ பலப்படுத்தியோ சரிசெய்ய வேண்டியிருந்தது. இன்று பழைய பதுங்குமிடம் ஒன்றைப் பார்க்கும் பொறியாளர் முதலில் தேட வேண்டியதும் இதையே: சிலாப்பிலிருந்து கம்பி சுவருக்குள் இறங்குகிறதா, அல்லது சிலாப் வெறும் கனத்தால் மட்டுமே நிற்கிறதா.

வகைகள்

எளியது திறந்த அகழி. நெஞ்சளவு ஆழம், அடியில் இரண்டடி அகலம். குறுகலாக இருக்க இருக்கப் பாதுகாப்பு கூடும், ஏனெனில் வாய் குறுகினால் சில்லு உள்ளே விழும் வாய்ப்பும் குறையும். நேர்க்கோட்டில் தோண்ட மாட்டார்கள். சில அடிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பித் தோண்டுவார்கள். ஒரு முனையில் வெடித்தால் அந்தத் துண்டோடு சேதம் நிற்கும். அகழிகள் இன்று தரையில் தெரிவது அரிது. எண்பது மழைக்காலம் அவற்றைத் தூர்த்துவிட்டது. கோடையில் காய்ந்த புல்வெளியில் நெளிநெளியாகப் பசுமை மிச்சமிருக்கும் கோடு ஒன்று தெரிந்தால் சந்தேகப்படலாம். தூர்ந்த மண்ணில் ஈரம் கூடுதலாகத் தங்கும்.

அடுத்தது மூடிய அகழி. அகழிக்குச் செங்கல் அல்லது முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளால் உறை கொடுத்து, மேலே மண் போட்டு மூடுவது. பிரிட்டிஷ் விமானதளங்களில் வளைவான கான்கிரீட் துண்டுகளை இரண்டிரண்டாக உச்சியில் போல்ட் போட்டு இணைத்து நீளமாக அடுக்கிய வகை பரவலாக இருந்தது. ஒன்றில் சுமார் 50 பேர் இருக்கலாம். இரு பக்கமும் நீளப் பலகை, கூரையில் காற்றுக் குழாய், வாசலில் ஈரக் கம்பளி தொங்கவிட நச்சுவாயுத் தடுப்புச் சட்டம், மறுகோடியில் கம்பிப் படியும் இரும்பு மூடியும் கொண்ட அவசர வழி. வாசல் நேராக உள்ளே போகாது, செங்கோணத்தில் திரும்பும். திருப்பம் இல்லாத வாசல் என்றால் அதற்கு எதிரே தடுப்புச் சுவர் நின்றிருக்க வேண்டும். அந்தச் சுவரைப் பின்னாளில் செங்கல்லுக்காகப் பெயர்த்திருப்பார்கள். அதன் அடித்தளக் கோடாவது கிடைக்கும்.

மூன்றாவது வகைதான் விமானதளத்துக்கே உரியது. விமானங்களை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சிதறி நிறுத்துவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்தையும் மூன்று பக்கம் மண்கரை சூழ்ந்திருக்கும். கரை விமானத்தைச் சில்லிலிருந்து காக்கும். கரையின் வயிற்றுக்குள்ளேயே பராமரிப்பு ஆட்களுக்கான அறை இருக்கும். இந்த மேடுகள் பெரியவை. அவற்றுக்கு வேண்டிய மண்ணைத் தொலைவிலிருந்து கொண்டுவர மாட்டார்கள். பக்கத்திலேயே அகலமாக, ஆழமில்லாமல் வெட்டியிருப்பார்கள். ஆகவே மேட்டைத் தேடுகிறவர் மழைக்குப் பிறகு தேங்கும் ஆழமற்ற குட்டைகளையும் தேட வேண்டும். வாய்க்கால் தொடர்பே இல்லாத, நேர்விளிம்புள்ள குட்டை ஒன்று மேட்டின் அருகே இருந்தால் இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்களாக இருக்கலாம்.

டெல்டா மண் என்ன செய்கிறது

தஞ்சாவூருக்கு வடக்கும் கிழக்கும் பழைய டெல்டா: வண்டலும் களியும். தெற்கும் தென்மேற்கும் வல்லம் பக்கம் செம்புறாங்கல் மேடு. பெரிய கோயிலை ஒட்டி ஓடும் கல்லணைக் கால்வாய், நாம் புதாறு என்று சொல்வது, மேட்டூர் அணையோடு 1934-இல் வந்தது. அது இந்த மேட்டின் ஒரு பகுதிக்கும் பாசனம் கொடுத்தது. விமானதளத்துக்கு மேட்டு நிலம் ஏன் ஏற்றது என்று விளக்கத் தேவையில்லை. நெல்வயலில் ஓடுதளம் போட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே சக்கரம் புதையும்.

மேட்டில் தோண்டிய அகழி நிற்கும். செம்புறாங்கல் வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டதும் கெட்டியாகவும் ஆகிற கல். உறையில்லாமலே சுவர் நிற்கக்கூடிய இடங்கள் உண்டு. களிமண்ணில் கதை வேறு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதிச் சுவரைத் தள்ளும். ஆண்டுதோறும் இந்தத் தள்ளலும் விடலும் நடக்க, செங்கல் உறையின் நடுவில் கிடைமட்டமாக ஒரு விரிசல் ஓடும். செங்குத்து விரிசலைவிடக் கிடைமட்ட விரிசல்தான் அஞ்ச வேண்டியது; சுவர் உள்ளே வளையத் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி அது.

இனி மேலே சொன்ன நீர்க் கணக்கு. உள்ளே இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள பதுங்குமிடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 34 செ.மீ. செங்கல் சுவர், மேலும் கீழும் 15 செ.மீ. கான்கிரீட். வெளி அளவு ஏறக்குறைய 2.7 மீட்டர் அகலம், 2.3 மீட்டர் உயரம். கூரை மட்டம்வரை நிலத்தடி நீர் ஏறினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 6.2 டன் நீரை அந்தப் பெட்டி இடம்பெயர்க்கிறது. அவ்வளவு விசையோடு நீர் அதை மேலே தூக்கும். கட்டடத்தின் சொந்த எடை? சுவர்கள் 2.6 டன், இரு சிலாப்புகள் 1.9 டன், மொத்தம் 4.5 டன். போதாது. மேலே 60 செ.மீ. மண் போட்டால் இன்னும் 2.9 டன் சேர்ந்து 7.4 டன் ஆகிறது. பெட்டி அடங்கி நிற்கிறது.

கூரை மண்ணை அள்ளிவிட்டால் கட்டடம் எழுந்து மிதக்கும் என்பதல்ல. செங்கல் பெட்டி அவ்வளவு இறுக்கமானதல்ல. நீர் உள்ளே கசிந்து அழுத்தத்தைச் சமன்செய்துவிடும். ஆனால் அதற்குள் தரைச் சிலாப் நடுவில் மேல்நோக்கி வெடித்திருக்கும். தரையில் நீளவாக்கில் ஒரு முகடு, அதன் உச்சியில் விரிசல் என்று கண்டால் இதுவே நடந்தது.

இதே கணக்குதான், நீர் நிறைந்த பதுங்குமிடத்தை மோட்டார் வைத்து ஒரே நாளில் இறைப்பது ஏன் ஆபத்து என்பதையும் சொல்கிறது. சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது உள்நீரை எடுத்துவிட்டால் வெளியழுத்தத்துக்கு எதிராக உள்ளே எதுவும் இல்லை. தரை தூக்கும், சுவர் வளையும். நல்லெண்ணத்தோடு சுத்தம் செய்யப் போய்க் கட்டடத்தைக் கெடுப்பது இப்படித்தான். மேட்டூர் வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறக்கும். வாய்க்கால் வறண்டு, பக்கத்துக் கிணற்றில் நீர் இறங்கிய ஏப்ரல், மே மாதங்களில், ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் குறையாமல் இறைக்க வேண்டும். மட்டம் தானாகவே திரும்ப ஏறினால் நிறுத்திவிட வேண்டும். இன்னும் வெளிநீர் இறங்கவில்லை என்று பொருள்.

எது பதுங்குமிடம், எது இல்லை

பழைய விமானதளத்தில் கிடக்கும் எல்லா இருட்டறையும் பதுங்குமிடம் அல்ல. சுவரில் துப்பாக்கி நீட்டும் துளைகள் இருந்தால் அது காவல் அரண்; அதில் இருப்பவன் சண்டையிட வேண்டியவன், ஒதுங்க வேண்டியவன் அல்ல. தரையில் எந்திரம் பிணைத்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தால் மின்னாக்கி அறை. ஓடுதளத்திலிருந்து மிகத் தள்ளி, லாரி நுழையும் அகலத்தோடு, கூரையின்றி மண்கரைகள் மட்டும் வரிசையாக இருந்தால் குண்டுக் கிடங்கு. உயர்ந்த ஒற்றைச் சுவரும் அதன் முன்னே மணல்மேடும் என்றால் விமானத் துப்பாக்கிகளைச் சுட்டுச் சரிபார்த்த இடம். படியே இல்லாமல் குழாய் மட்டும் நுழையும் தொட்டி கழிவுநீர்த் தொட்டி. அதற்குள் இறங்குவது உயிருக்கு ஆபத்து. ராணுவத்துக்குச் சம்பந்தமே இல்லாத பழைய செங்கல் சூளை மேடும் உருவத்தில் ஏமாற்றும். சூளை மேட்டைக் கிளறினால் கரியும் உருகிய கற்களும் வரும்.

காலம் கணிப்பதில் செங்கல் அளவை மட்டும் நம்பக் கூடாது. ஒன்பது அங்குலக் கல் போருக்கு முன்பும் இருந்தது, இன்றும் நம் சூளைகளில் அறுக்கிறார்கள். கலவையும் சேர்ந்தே பேச வேண்டும். சுர்க்கி எனப்படும் செங்கல் பொடி சேர்ந்த சுண்ணாம்புக் காரை இளஞ்சிவப்பாக இருக்கும், சாவியால் கீறினால் பொடியாக உதிரும். சிமெண்ட் கலவை சாம்பல் நிறம், கீறல் விழாது. வினிகர் ஊற்றிப் பொங்குகிறதா என்று பார்க்கும் சோதனையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். எண்பது ஆண்டு காற்றுப்பட்ட சிமெண்ட் கலவையும் பொங்கும்.

உள்ளே இறங்கும் முன்

அடைபட்ட அறையில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். அழுகிய இலையும் சேறும் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு தேங்கியிருக்கலாம். மெழுகுவர்த்தியைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் வழக்கம் போதாது. சுடர் அணையாமல் எரியும்போதே ஆக்சிஜன் பாதுகாப்பான அளவுக்குக் கீழே போயிருக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடை அது காட்டவே காட்டாது. நான்கு வாயு அளக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்கிறது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டினாலும் இறங்கக் கூடாது. இரு வாயில்களையும் திறந்துவிட்டு, ஒரு பக்கம் ஊதுவிசிறி வைத்து, மறுபடி அளந்த பிறகே நுழையலாம். வெளியே கயிற்றோடு ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே போனவர் விழுந்தால் அவர் பின்னாலேயே இறங்காத ஆளாக அவர் இருக்க வேண்டும். வௌவால் எச்சம் உள்ள இடத்தில் தூசி கிளப்பாமல், முகக்கவசத்தோடு. கண்ணாடி விரியன் பகலில் ஒதுங்கக் கேட்டால் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கோல் தட்டாமல் கை வைக்காதீர்கள். துருப்பிடித்த உருளையோ துடுப்பு வைத்த உலோகமோ கண்ணில் பட்டால் தொடாமல் வெளியேறிக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

சீர்செய்வதில் நடக்கும் பிழைகள்

மிகச் சாதாரணமான பிழை சிமெண்ட் பூச்சு. காரைச் சுவர் ஈரத்தை இழுத்து முகத்தின் வழியே வெளிவிட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் பின்னால் அடைபடும்; கரைந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி முகத்தை உரித்துத் தள்ளும். மூன்று நான்கு ஆண்டில் பூச்சு தகடாகப் பெயர்ந்து விழும்போது செங்கல்லின் முகமும் கூடவே வரும். சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று, அதில் கொஞ்சம் சுர்க்கி, நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு: இது போதும். கடுக்காய், வெல்லம் சேர்க்கும் கைவன்மை தஞ்சைப் பக்கத்துக் கொத்தனார்களிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதைக் கோயிலுக்கும் அரண்மனைக்கும் வைத்துக்கொள்ளலாம். 1942-இல் அவசரமாக எழுப்பிய சுவருக்கு அதில் இல்லாத சிறப்பை இப்போது பூசத் தேவையில்லை.

கூரைச் சிலாப்பில் கம்பி துருப்பிடித்து உதிர்வது தனி நோய். காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையை மெல்ல மெல்லத் தின்று கம்பியைச் சேரும்போது துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த உப்பல்தான் அடிக் கான்கிரீட்டைப் பெயர்க்கிறது. நாகை, வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று இதை விரைவுபடுத்தும். உள்நாட்டில் மெதுவாக நடக்கும், ஆனாலும் நடக்கும். உதிர்ந்த இடத்தை மட்டும் அடைத்துப் பூசினால் அடுத்த அங்குலத்தில் துரு தொடரும். கம்பியின் பின்பக்கமும் தெரியும்வரை கொத்தி, துருவைப் பளபளப்பு வரும்வரை தேய்த்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்த பிறகே அடைக்க வேண்டும். வேலை முடியும்வரை முட்டுக் கொடுக்க வேண்டும். நான்கடிக்கு ஒரு முட்டு, அடியிலும் மேலும் பலகை. சவுக்குக் கம்பு ஒரு பருவத்துக்குத் தாங்கும், ஈரத் தரையில் அதற்குமேல் நம்பக் கூடாது.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டின்மேல் நிற்கும் வேம்பையோ ஆலையோ வேரோடு பிடுங்கக் கூடாது. வேர் பிடித்திருக்கும் செங்கல் கூடவே வரும். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் மரங்களை வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மரம் சாயும்போது எவ்வளவு மண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று. கூரை மண்ணில் வேரூன்றிய மரம் அப்படிச் சாய்ந்தால் சிலாப்பின் மேல் பெரும்பள்ளம் விழும். கிளைகளைக் கழித்து எடையைக் குறைத்து, பிறகு தரைமட்டத்தில் அறுத்து, வேரை அப்படியே மக்கவிட வேண்டும். புதுத் துளிர் வந்தால் உடனுக்குடன் கிள்ள வேண்டும். புற்களில் அருகு நல்லது. அது மண்ணை இறுக்கிப் பிடிக்கும்.

இழந்த மண்ணைத் திரும்பப் போடுவதற்கு முன் சிலாப் அதைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்க வேண்டும். 60 செ.மீ. ஈர மண் சதுர மீட்டருக்கு 1.1 டன்னைத் தாண்டும். எண்பது ஆண்டுக்கு முன் தாங்கியது என்பது இன்று தாங்கும் என்பதற்குச் சான்றல்ல. தாங்கும் என்று உறுதியானால், அடியில் 15 செ.மீ. களிமண்ணைக் கைத்திமிசால் இடித்துப் பரப்பி, அதன்மேல் சாதாரண மண்ணை ஒரே சமயத்தில் கொட்டாமல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட வேண்டும். ஓர் ஓரத்தில் குவித்தால் சிலாப் ஒருபக்கம் சாயும். பக்கச் சரிவு, உயரம் ஒன்றுக்கு அகலம் இரண்டு என்பதற்குமேல் செங்குத்தாக வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அரித்துவிடும். அடிவாரத்தைச் சுற்றி நூற்றுக்கு ஒன்று சரிவில் ஒரு வடிகால் வேண்டும். அது இல்லாமல் மற்ற எல்லா வேலையும் இரண்டு மழைக்காலத்தோடு முடியும். காற்றுக் குழாய்களை அடைக்காதீர்கள். பூச்சியும் தவளையும் வராமல் வலை போட்டால் போதும். குழாய் அடைபட்ட பதுங்குமிடத்தில் சுவர் ஒருபோதும் உலராது.

யாருடையது, எங்கே கேட்பது

மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டு தொல்சின்னங்கள் சட்டம் குறைந்தது நூறு ஆண்டு பழமையைக் கேட்கிறது. 1942-இல் கட்டியவை 2042 வரை அந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கும். அதற்குள் எத்தனை மிஞ்சும் என்பதே கவலை. 2012-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் வரலாற்று மதிப்பைக் கணக்கில் கொள்கிறது. முயல்வதற்கு அந்த வழி உண்டு.

இயங்கும் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கும் எதையும் அனுமதியின்றி அணுகவோ படமெடுக்கவோ வரையவோ கூடாது. 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இதில் கடுமையானது, ட்ரோனுக்கும் அங்கே இடமில்லை. தளத்தின் கட்டளை அதிகாரிக்கு, என்ன அளக்கப் போகிறோம், ஏன், எத்தனை பேர் என்று தெளிவாக எழுதிக் கேட்பதே வழி. கைவிடப்பட்ட ஓடுதளங்களில்கூட நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடும் புலப்படமும் அதைச் சொல்லும். போர்க்காலத்தில் பல நிலங்கள் 1939-ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எடுத்துக்கொள்ளப்பட்டன. பழைய புல எண்கள் திடீரென ஒன்றாக இணைந்து ஒரே பெரிய எண்ணாக மாறியிருக்கும் இடம் விமானதள எல்லைக்கு நல்ல குறிப்பு.

ஆவணங்களுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவுகள், லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் ஆகிய மூன்றும் முக்கியம். கியூவில் ஏர் 28 என்ற வரிசை பிரிட்டிஷ் விமானப்படை நிலையங்களின் அன்றாடப் பதிவேடுகள். ஏர் 27 படையணிகளுடையவை. நிலையத்தின் பெயரை அக்கால எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். தஞ்சாவூர் அங்கே தஞ்சோர் என்றே இருக்கும்.

காகிதம் சொல்லாததை வேலை செய்தவர்கள் சொல்லக்கூடும். ஓடுதள வேலைக்கு மண் சுமந்தவர்களில் இன்று இருப்போர் தொண்ணூறைத் தாண்டியவர்கள். அவர்களின் பிள்ளைகள் பலர் அருகிலுள்ள ஊர்களில்தான் இருக்கிறார்கள். போரைப் பற்றி நினைவிருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மண் எங்கே வெட்டினார்கள், செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது, கூலி யார் கையால் வாங்கினார்கள், சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடச் சொன்னார்கள் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல சமயம் நேராகப் பதுங்குமிடத்துக்கே கொண்டுபோய் விடும்.

கண்டுபிடித்ததைப் பதிவுசெய்யும்போது உள்நீளம், அகலம், உயரம், வாசலில் சுவர்த் தடிமன், காற்றுக் குழாய் ஓரத்தில் மண்ணின் தடிமன், உள்தரைக்கும் வெளித்தரைக்கும் உள்ள மட்ட வேறுபாடு ஆகியவற்றை அளவுகோல் தெரியும் படங்களோடு எழுதி வைக்க வேண்டும். கைப்பேசி காட்டும் இடக்குறிப்பு மரத்தடியில் பல மீட்டர் தவறும். நிலையான ஒரு மூலையிலிருந்து நாடா பிடித்து அளந்த தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதினால், அடுத்த ஆண்டு அது நீண்டதா என்று தெரியும். அளவெடுத்த நாளின் கிணற்று நீர்மட்டத்தையும் அதே தாளில் எழுதுங்கள். ஐப்பசியில் எடுத்த அளவையும் சித்திரையில் எடுத்த அளவையும் அது இல்லாமல் ஒப்பிட முடியாது.